புயல் பலகையை எப்போது கழற்ற வேண்டும் என்று அசோசியேஷன் சொல்லலாமா?

நெய்தல்வாசி (டாம்பா, ஃபுளோரிடா): ஜூன் முதல் வாரமே பதினான்கு ஜன்னலுக்கும் புயல் காற்றைத் தடுக்கும் அலுமினியப் பலகை மாட்டிவிட்டேன். விங் நட்டை (கையால் திருகும் மரை) திருகித் திருகி இரண்டு நாள் விரல் மடங்கவில்லை. இப்போது எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் அசோசியேஷனிலிருந்து கடிதம்: புயல் எச்சரிக்கை இல்லாத நாளில் பலகை இருக்கக் கூடாதாம், கழற்றாவிட்டால் அபராதமாம். வேலை நிமித்தம் மாதத்தில் பாதி நாள் நான் வெளியூரில். 2024 அக்டோபர் 9 இரவு மில்ட்டன் புயல் கரையேறியபோது சிகாகோவில் இருந்தேன். டாம்பா விமான நிலையம் முந்தைய நாளே மூடிவிட்டது. மனைவியும் வயதான அம்மாவும் ஏணியில் ஏறவா? அசோசியேஷனுக்குத் தெருவின் அழகுதான் பெரிசு.

பலகணி (ஆர்லாண்டோ): நண்பரே, நான் ஓர் அசோசியேஷனின் போர்டில் (நிர்வாகக் குழுவில்) மூன்று வருடம் குப்பை கொட்டியவன், திட்டு வாங்கிப் பழக்கம்தான். அழகை விடுங்கள். வெளியிலிருந்து திருகிய பலகையை உள்ளேயிருந்து கழற்ற முடியாது. ராத்திரி வீட்டில் தீப்பிடித்தால் அம்மா எந்த ஜன்னல் வழியாக வெளியே வருவார்? புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. எப்போதோ வரும் ஒரு புயலுக்காக ஆறு மாதம் வழியை அடைத்து வைக்கிறீர்கள்.

நெய்தல்வாசி: போர்டில் இருந்தவருக்குச் சட்டம் தெரிந்திருக்குமே. 2024 மே மாதம் ஃபுளோரிடாவில் வந்த சட்டப்படி, கட்டட விதிக்கும் அசோசியேஷனின் வரையறைக்கும் பொருந்தும் புயல் பாதுகாப்பை அவர்கள் மறுக்கக் கூடாது.

பலகணி: பொருத்த மறுக்கக் கூடாது, சரி. ஆனால் நிறம், பாணி முதலியவற்றை வரையறுக்கும் உரிமையை அதே சட்டம் அசோசியேஷனுக்குக் கொடுக்கிறது. உங்கள் கடிதம் பலகையே கூடாது என்று சொல்லவில்லை, நாள் கணக்கைத்தானே கேட்கிறது?

மணல்திட்டு (ஃபோர்ட் மயர்ஸ்): நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஜன்னலுக்கு இவ்வளவு சண்டை போடும் நீங்கள் கராஜ் கதவைப் பார்த்தீர்களா? வீட்டிலேயே பெரிய திறப்பு அதுதான். அது உள்ளே மடங்கினால் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். 2022 செப்டம்பரில் இயன் புயல் போன பிறகு எங்கள் தெருவில் அதைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடம் வலுவூட்டிய கதவுக்கு எங்கள் அசோசியேஷனிடம் அனுமதி கேட்டிருந்தேன். ‘பக்கத்து வீட்டுக் கதவின் கோடுகளோடு ஒத்துப்போகவில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். கோடாம் கோடு! இப்போதைய சட்டம் கராஜ் கதவையும், கூரையையும், நிலையான ஜெனரேட்டரையும்கூடப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

பலகணி: அது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வரையறையை எழுதி ஏற்க வேண்டியது அசோசியேஷனின் கடமை. எழுதாமலே நோட்டீஸ் அனுப்பும் போர்டுகளும் உண்டு. நெய்தல்வாசி, முதலில் அந்த வரையறையின் நகலை எழுத்தில் கேளுங்கள்.

நெய்தல்வாசி: கேட்டுவிட்டேன். ‘அடுத்த கூட்டத்தில் பேசுவோம்’ என்கிறார்கள். அபராதத்துக்கு மட்டும் கூட்டம் தேவைப்படவில்லை! வெளிச்சம் வரும் பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) பலகைக்கு மாறலாமா?

பலகணி: இருட்டு போகும். தீ விஷயம் அப்படியேதான், அதையும் வெளியிலிருந்துதானே திருகுகிறீர்கள்.

மணல்திட்டு: இம்பாக்ட் கண்ணாடிதான் (புயலில் பறந்து வரும் பொருளின் அடியைத் தாங்கும் ஜன்னல் கண்ணாடி) நிம்மதி, மாட்டவும் வேண்டாம் கழற்றவும் வேண்டாம். விலைதான் கடிக்கும். வீட்டைப் புயலுக்கு எதிராக வலுப்படுத்த மாநிலம் தரும் ‘மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்’ மானியம் பாருங்கள். நீங்கள் ஒரு டாலர் போட்டால் மாநிலம் இரண்டு போடும், அதிகபட்சம் 10,000 டாலர். விண்ணப்பம் திறந்ததுமே கூட்டம் அள்ளிக்கொண்டு போய்விடும், விழித்திருக்க வேண்டும்.

நெய்தல்வாசி: சரி. படுக்கையறைகளில் அறைக்கொரு ஜன்னலின் பலகையைக் கழற்றுகிறேன், அம்மாவுக்காக. மற்றவை நவம்பர் வரை அப்படியே இருக்கும்.

பலகணி: மறுபடி கடிதம் வரும்.

நெய்தல்வாசி: வரட்டும். அடுத்த கூட்டத்துக்கு நான் ஊரில்தான் இருக்கிறேன்.