91ஆம் சங்கீதத்தை இனி எப்படிச் சொல்வது?

கேள்வி:
கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். இரவு குடும்ப ஜெபம் முடியும்போது தேவனுடைய பாதுகாப்பை வாக்குப்பண்ணும் 91ஆம் சங்கீதத்தை எல்லோரும் சேர்ந்து மனப்பாடமாகச் சொல்வது எங்கள் அம்மா ஏற்படுத்திய வழக்கம். கடந்த ஆண்டு, காலையில் ஜெபித்துவிட்டு வேலைக்குப் புறப்பட்ட என் தம்பி சாலை விபத்தில் இறந்துபோனான். அடக்க ஆராதனைக்கு வந்த ஒருவர், அவனுடைய விசுவாசத்தில் ஏதோ குறைவு இருந்திருக்க வேண்டும் என்று அம்மாவின் காதில் விழும்படி சொன்னார். அன்று முதல் "அது உன்னை அணுகாது" என்ற வரி வரும்போது அம்மா மௌனமாகிவிடுகிறார். எனக்கும் குரல் எழுவதில்லை. இந்த வாக்குத்தத்தத்தை நாங்கள் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில் 1:
சகோதரி, அடக்க ஆராதனையில் அவர் சொன்னது வேதத்துக்கு ஒத்ததல்ல என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா அப்போஸ்தலனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்லுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து விடுவிக்கிறான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அதை எழுதிய லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரமோ பட்டயத்துக்குத் தப்பினவர்களையும் பட்டயத்தால் வெட்டப்பட்டவர்களையும் ஒரே பட்டியலில் வைத்து, எல்லோருமே விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றவர்கள் என்கிறது.

பதில் 2:
இதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களைத்தான் பிசாசு தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவிடம் எடுத்துச் சொல்லி, தாழக் குதிக்கும்படி தூண்டினான் (மத்தேயு 4). தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்ற உபாகம வசனத்தால் அவர் அதை மறுத்தார். ஆகவே, நமக்கு ஒன்றும் நேராது என்பதற்கான உறுதிச்சீட்டாக இந்தச் சங்கீதத்தைப் பிடித்துக்கொள்வது பிழை என்றே நான் நினைக்கிறேன். 1527இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் ஊரைவிட்டுப் போகாமல் நோயாளிகளிடையே தங்கினார்; ஆனாலும் மருந்தைத் தள்ளுவதும், தேவையின்றி ஆபத்தான இடத்துக்குப் போவதும் தேவனைச் சோதிப்பதாகும் என்று எழுதினார்.

பதில் 3:
மேலே எழுதியவற்றை ஏற்கிறேன். ஆனால் வாக்குத்தத்தத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடவும் வேண்டாம், ஏனென்றால் நான் கண்ணாரக் கண்ட விடுதலைகள் உண்டு. அம்மாவோடு 14ஆம் வசனத்திலிருந்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். அதுவரை தேவனைப் பற்றிப் பேசிய சங்கீதத்தில் அங்கே தேவனே பேசத் தொடங்குகிறார். 15ஆம் வசனத்தில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறார். ஆபத்து வரவே வராது என்றால் அதில் உடனிருப்பேன் என்று அவர் சொல்லத் தேவையில்லையே. உங்கள் தம்பி அந்தச் சாலையில் தனியாக இருக்கவில்லை என்பதே எனக்கு அந்த வசனத்தின் பொருள். அம்மாவுக்கு இப்போது அது முடியாதென்றால் வற்புறுத்த வேண்டாம். இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதமும் ஜெபமாகத்தான் வேதத்தில் இருக்கிறது, சில மாதங்கள் அதை வாசியுங்கள். 91ஐ உங்கள் வீட்டுக்காக நாங்கள் இங்கே சொல்லிக்கொண்டிருப்போம்.

கேள்வி கேட்டவர்:
இன்றிரவு அம்மாவுக்கு அந்த 15ஆம் வசனத்தை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன். ஸ்தோத்திரம்.