புதுப்பிப்பு: ஊசி பயத்துக்குக் கராத்தே மூச்சு கைகொடுத்தது

ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் என் ஏழு வயது மகன் ஊசியைக் கண்டாலே கையை உதறுகிறான், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மொபைலில் கார்ட்டூன் காட்டுவது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. உதவியது, 'கிட்ஸ் கிக்கிங் கேன்சர்' என்ற அமைப்பைப் பற்றி ஒருவர் எழுதியதுதான். ரத்தப் புற்றுநோயில் மகளை இழந்த யூத மதகுரு எலிமெலெக் கோல்ட்பர்க் 1999-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கியது அது. தற்காப்புக் கலையின் மூச்சுப் பயிற்சியை நோயுற்ற குழந்தைகளுக்குக் கற்றுத்தருகிறார்கள்.

மூக்கால் மெதுவாக இழுத்து, தோளைத் தளர்த்தி, வாயால் நீளமாக விட வேண்டும். தூங்கும் முன் தினமும் பத்துத் தடவை பழகினோம். முதல் நாள் இவன் வீராவேசமாக "ஹா!" என்று கத்தி முஷ்டியை முறுக்க, நரம்பு நழுவி மறுபடி குத்த வேண்டியதாயிற்று. அப்புறம் சத்தத்தை விட்டுவிட்டு, ஊசி போடாத கையை மட்டும் மடக்கச் சொன்னோம். மூன்றாம் முறை கண்ணில் தண்ணீர் வந்தது, கை அசையவில்லை. மரத்துப்போகும் க்ரீமையும் நிறுத்தவில்லை.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருப்பதால் உதை, குத்து எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்களும் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

எதிர்பாராதது ஒன்று: பக்கத்துக் கட்டில் பாப்பாவுக்கு இப்போது இவன்தான் மாஸ்டர். எனக்கும் உத்தரவு வருகிறது: "அப்பா, தோளை இறக்குங்க!"