பலாத் தோப்பில் வருகிறவர் கண்ணுக்கு முதலில் எது பட வேண்டும்?

பலாமரத்தான்:
பண்ருட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் பலா, முந்திரித் தோப்பை, புதுச்சேரியிலிருந்து வார இறுதியில் வரும் குடும்பங்களுக்குத் திறந்துவிடப் போகிறோம். வாசலிலிருந்து நேராகச் சிமெண்ட் பாதை, நடுவில் புல்தரை, சுற்றிலும் குடில்கள், கார் உள்ளேயே வந்து நிற்கும். வரைபடக்காரர் கொடுத்தது இது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

கெடிலக்கரை:
ஒப்பாததுதான் சரி. வாசலில் நின்றாலே முழுத் தோப்பும் தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்கு நடக்க வேண்டும்? இயற்கைக் காட்சிகளில் மக்களுக்கு எது பிடிக்கிறது என்று ஆராய்ந்த ரேச்சல், ஸ்டீபன் காப்லான் தம்பதி நான்கு குணங்களைச் சொன்னார்கள்: ஒழுங்கு, பலவகைமை, வழி புரிவது, உள்ளே போனால் இன்னும் ஏதோ இருக்கிறது என்ற எதிர்பார்ப்பு. நேர்ப்பாதை கடைசியானதைக் கெடுத்துவிடும். ஆரோவில் பார்வையாளர் மையத்திலிருந்து மாத்ரிமந்திரைப் பார்க்கும் இடத்துக்கு மர நிழலில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்கிறோம். அப்படி நடந்து போய்ப் பார்ப்பதால்தான் அந்தத் தங்கக் கோளம் மனதில் நிற்கிறது.

வில்லியனூர்க்காரி:
ஆரோவில் போகிறவர் நடக்கத் தயாராகப் போகிறார். பண்ணைக்கு வருவது பாட்டியும் கைக்குழந்தையும் சாப்பாட்டுக் கூடையுமாக. பலா பழுப்பதோ கோடை வெயிலில். நான் குடும்பங்களைப் பண்ணைகளுக்கு அழைத்துப் போகிறவள். இறங்கியதும் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். நீங்கள் சொன்ன நான்கில் வழி புரிவதும் ஒன்று. அதை ஏன் தாண்டிப் போகிறீர்கள்?

கெடிலக்கரை:
வழி புரிய நேர்க்கோடு வேண்டாம் அக்கா. ஒரே பாதை வளைந்து போய் வாசலுக்கே திரும்பினால் யாரும் வழி தவற மாட்டார்கள். முந்திரிக் கிளை தரையோடு படர்ந்து பார்வையைத் தானே மறைக்கும். அதைத் தாண்டினால் அடிமரத்திலேயே காய்த்த பலா, குழந்தை தொட்டுப் பார்க்கும் உயரத்தில். இதற்கு வரைபடமே தேவையில்லை. புல்தரைக்காக மரத்தை வெட்டாமல் இருந்தால் போதும்.

பலாமரத்தான்:
2011-இல் வந்த ‘தானே’ புயலில் சாய்ந்தது போக மிஞ்சியதும், அதற்குப் பிறகு நட்டதும்தான் இப்போது இருக்கின்றன. ஒன்றையும் வெட்ட விட மாட்டேன். மாட்டுக் கொட்டகையையும் பம்புசெட்டையும் தட்டி வைத்து மறைக்கச் சொல்கிறார் வரைபடக்காரர், அது?

மஞ்சக்குப்பம்:
மறைத்தால் அது ரிசார்ட். தைவானில் தேயிலைத் தோட்டங்களும் பால் பண்ணைகளும் ஓய்வுப் பண்ணையானபோது, வேலை நடக்கும் இடத்தையே வருகிறவர் பார்க்கும் இடமாக்கினார்கள். தண்ணீர் கொட்டும் தொட்டியை விட்டு எந்தக் குழந்தை நகரும்?

வில்லியனூர்க்காரி:
இதில் எனக்கும் சம்மதம். ஆனால் சாணி வாடை இலையில் சோறு போடும் இடத்துக்கு வரக் கூடாது. நம் பக்கம் கோடையில் காலையில் மேல்காற்று, பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று. கொட்டகைக்குத் தெற்கே சாப்பாட்டுக் கூடம் வையுங்கள். தொட்டிக்கு வேலியும் வேண்டும்.

பலாமரத்தான்:
சரி. காரை வாசலோடு நிறுத்துகிறேன். அங்கேயே ஒரு கழிப்பறை, தண்ணீர்ப் பானை, நிழல். பாதை வளைந்தே போகட்டும்.

வில்லியனூர்க்காரி:
முழங்கால் வலியோடு வருகிறவர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பதா? கூடம் வரைக்கும் ஒரு வண்டியாவது போக வழி விடுங்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.