டோரஸ் அடித்த கோலா, தேங்கின தண்ணீர் அடித்த கோலா?

பொள்ளாச்சி சந்தை:
நேற்று நம்ம கால்பந்து குழுவில், ஹசார்டு ரியல் மேட்ரிட்டுக்குப் போய் 7 கோலோடு முடிந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். லிவர்பூல் ரசிகர் காங்கேயம் காளை சம்பந்தமே இல்லாமல் உள்ளே புகுந்து ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார். "ஹசார்டாவது அந்த 7 கோலையும் அவனே அடித்தான். டோரஸ் செல்சிக்கு வந்த சீசனில் அடித்தது ஒரே கோல். அதையும் தேங்கின தண்ணீர்தான் அடித்தது." படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹசார்டு மேட்ரிட்டில் 4 வருஷம் இருந்து ஆடியது 76 மேட்ச். கொடுத்த விலை 100 மில்லியன் யூரோவுக்குக் குறையாது. டோரஸ் எங்கள் செல்சிக்கு 172 மேட்ச் ஆடி 45 கோல் போட்டார். சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், எஃப்.ஏ. கப் எல்லாம் கையில் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே தட்டில் நிறுத்துகிற தராசை எந்தச் சந்தையில் வாங்கினாரோ தெரியவில்லை.

காங்கேயம் காளை:
வணக்கமுங்க சந்தைக்காரரே. கோப்பை எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. பெஞ்சைத் தேய்த்தவனுக்கும் பதக்கம் உண்டு.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். 2011 ஏப்ரல் 23, வெஸ்ட் ஹாம் மேட்ச். மைதானமே சொதசொத என்று கிடக்கிறது. உங்கள் அனெல்கா பந்தைத் தள்ளிவிடுகிறார். பந்து தேங்கின தண்ணீரில் மாட்டி நின்றுவிடுகிறது. டோரஸ் திரும்பி உதைக்கிறார். 903 நிமிஷம் கழித்து வந்த முதல் கோல் இது. தண்ணீர் இல்லாவிட்டால் அந்தப் பந்து எங்கே போயிருக்கும்? இதற்குப் பதில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

ஆள் முடிந்துபோன பிறகுதான் எங்கள் லிவர்பூலிடம் நீங்கள் வாங்கினீர்கள். 2010 ஜனவரியில் வலது முழங்காலில் ஆபரேஷன். ஏப்ரலில் பென்ஃபிகாவுக்கு எதிராக 2 கோல் போட்ட கையோடு அதே முழங்காலில் மறுபடியும் கத்தி. அப்படியே உலகக் கோப்பைக்கு ஓடினார். அங்கே ஒரு கோல் கூட இல்லை. இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் இறங்கி, நொண்டிக்கொண்டுதான் முடித்தார். கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் மீசை முளைக்காத பையன் கூட மாட்டை நாலு நடை நடக்கவிட்டு, பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்துத்தான் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவான். நீங்கள் ஜனவரி 31, டிரான்ஸ்பர் கதவை மூடுகிற நேரத்தில் ஓடிவந்து 50 மில்லியன் பவுண்டுக்கு விரலைப் பிடித்தீர்கள்.

பொள்ளாச்சி சந்தை:
மாட்டை விற்றவனே மாட்டுக்குச் சொத்தை சொல்வதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். முழங்கால் போன ஆள்தான் 2010 நவம்பர் 7ஆம் தேதி ஆன்ஃபீல்டில் எங்களுக்கு எதிராக 2 கோல் போட்டாரா? அன்றைக்கு மழை கூட இல்லையே.

அது கிடக்கட்டும், விற்ற காசை என்ன செய்தீர்கள்? அதே நாள் 35 மில்லியனுக்கு ஆண்டி கரோலை வாங்கினீர்கள். வரும்போதே தொடையில் அடிபட்டு வந்த ஆள். லீக்கில் 44 மேட்சுக்கு 6 கோல். அவருக்கு எந்தப் பல்லைப் பார்த்தீர்கள், கடைவாய்ப் பல்லா?

காங்கேயம் காளை:
அதே நாள் எங்களுக்குச் சுவாரஸும் வந்தார். அதை மட்டும் சௌகரியமாக முழுங்கிவிட்டீர்கள். கரோல் கதையை இன்னொரு நாள் விடிய விடியப் பேசலாம். இப்போது கேட்டது தண்ணீர். பதிலைக் காணோம்.

திருப்பூர் தையல்:
தண்ணீர் வந்த மேட்சை விடுங்கள். தண்ணீரே இல்லாத மேட்ச் ஒன்று இருக்கிறது. 2011 செப்டம்பர் 18, எங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். எங்கள் கோல்கீப்பர் டி ஹேயாவைத் தாண்டியாயிற்று. எதிரே வெறும் வலை. என் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்திருந்தாலும் உள்ளே போயிருக்கும். இவர் வெளியே அடித்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து கைதட்டினோம்.

பொள்ளாச்சி சந்தை:
அதே மேட்சில் எங்களுக்கு விழுந்த ஒரே கோலையும் அவர்தான் போட்டார். அதே மேட்சில் உங்கள் ரூனி பெனால்டி அடிக்கப் போய்ச் சறுக்கி விழுந்து பந்தை எங்கோ அனுப்பினார். அதற்கும் எழுந்து கைதட்டினீர்களா தையலண்ணா?

திருப்பூர் தையல்:
நாங்கள் 3-1 ஜெயித்தோம். ஜெயித்தவன் சறுக்கலாம்.

டோரஸ் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும், அது வேறு கதை. 2011 பிப்ரவரியில் ஒரு கடைக்காரர் வந்து நீல பனியனில் டோரஸ் 9 என்று 60 பீஸ் அடித்துத் தரச் சொன்னார். அட்வான்ஸ் 500 ரூபாய். மார்ச் வந்தது, கோல் வரவில்லை, கடைக்காரரும் வரவில்லை. முதல் சலவையிலேயே முதுகில் இருந்த ஆங்கில எழுத்துகளில் 'டி' உரிந்துவிட்டது. எங்கள் தெருவில் பாதிப் பையன்கள் 'ஓரஸ்' என்று போட்டுக்கொண்டு சுற்றினார்கள். கடைசி 11 பீஸ் இன்னும் பரண் மேலே இருக்கிறது.

காங்கேயம் காளை:
ஓரஸ்! இதுதான் பொருத்தமான பெயர். ஓரமாகவே நின்றவர்.

ஈரோடு மஞ்சள்:
ஒரு சின்னச் சந்தேகம். வீழ்ச்சி என்று எதைச் சொல்கிறோம்? கோல் குறைந்தால் வீழ்ச்சியா, காயத்தால் ஆட்டம் மாறினால் வீழ்ச்சியா, கொடுத்த காசுக்கு ஆடாவிட்டால் வீழ்ச்சியா? மூன்றும் வேறு வேறு. முதலில் இதை முடிவு செய்துகொண்டால் பேச்சு ஒரு பக்கம் போகும்.

காங்கேயம் காளை:
அகராதி வேண்டுமென்றால் நூலகத்துக்குப் போங்க தம்பி. இங்கே தண்ணீர்ப் பஞ்சாயத்து நடக்கிறது.

கோபி வாய்க்கால்:
உங்கள் யாருக்கும் முழங்கால் என்றால் என்னவென்றே தெரியவில்லை. 1999 நவம்பர், லெச்சே மேட்ச். இன்டர் மிலனில் ஆடிய பிரேசில் ரொனால்டோவுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அஞ்சு மாசம் கழித்து 2000 ஏப்ரல் 12, லாசியோவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஏழு நிமிஷம்கூட முழுசாக ஆடியிருக்க மாட்டார். பந்தோடு ஒரு வெட்டு வெட்டினார், முழங்கால் அப்படியே கழன்றது. பக்கத்தில் ஒருத்தரும் தொடவில்லை. அந்த அலறலை டிவியில் பார்த்த எங்கள் அம்மா, இந்தப் பையனின் தாய்க்காரி எப்படிச் சோறு தின்பாள் என்று கேட்டார்.

2002 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அதே காலோடு ஜெர்மனிக்கு எதிராக 2 கோல். அந்த உலகக் கோப்பையில் மொத்தம் 8. அதனால் முழங்கால் ஆபரேஷன், முழங்கால் ஆபரேஷன் என்று யாரும் என்னிடம் ஒப்பாரி வைக்க வேண்டாம். மனசு இருந்தால் கால் வரும். டோரஸுக்கு மனசு லிவர்பூலிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

காங்கேயம் காளை:
அண்ணா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ரொனால்டோவே அதற்குப் பிறகு பழைய ரொனால்டோ இல்லையே. இன்டரில் வந்த புதிதில் ஓடின ஓட்டம் திரும்ப வந்ததா? பெனால்டி பெட்டிக்குள் நின்று அடிக்கிற ஆளாக மாறித்தான் அந்த 8 கோல். டோரஸின் சொத்தே ஓட்டம்தான். 2008 யூரோ இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் லாமைத் தோளோடு தள்ளி ஓடினாரே, அந்த ஓட்டம் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? இங்கிலாந்தின் ஓவனைப் பாருங்கள். 2001இல் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருது வாங்கினவர். நியூகாசில்காரன் 2005இல் ரிக்கார்டு விலை கொடுத்து வாங்கினான். டிசம்பர் 31 அன்று பாதத்து எலும்பு முறிந்தது. 2006 உலகக் கோப்பையில் சுவீடன் மேட்ச், முதல் நிமிஷம், முழங்கால். ஓட்டக்காரனுக்குக் கால் போனால் மனசை வைத்துக்கொண்டு பஜனை பாடலாம்.

கோபி வாய்க்கால்:
தம்பி, நான் 1986இலிருந்து பந்து பார்க்கிறேன்.

காங்கேயம் காளை:
அதைத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்கள். பார்த்த வருஷத்தைக் கூட்டிக் கழித்தால் கோல் வராதுங்களே அண்ணா.

கோபி வாய்க்கால்:
போன மாசம் கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்தபோது இந்த வாய் எங்கே போயிற்று?

அவினாசி ரோடு:
ஹசார்டை இதில் இழுத்தது யார்? 2019 நவம்பரில் பி.எஸ்.ஜி. மேட்சில், அவருடைய சொந்த நாட்டுக்காரர் மூனியே காலை விட்டார். கணுக்கால் அன்றைக்கே போயிற்று. அதற்குப் பிறகு ஆபரேஷன், ஓய்வு, மறுபடி ஆபரேஷன். 32 வயதில் போதும் என்று நிறுத்திவிட்டார். அவரை ஏதோ சம்பளத்தை வாங்கிக்கொண்டு தூங்கினவர் மாதிரிப் பேசாதீர்கள்.

திருப்பூர் தையல்:
கோடை விடுமுறையில் 5 கிலோ ஏற்றிக்கொண்டு வந்தேன் என்று அவரே பேட்டியில் சொன்னார். அந்த 5 கிலோவையும் மூனியேதான் ஏற்றிவிட்டாரா?

அவினாசி ரோடு:
சாஞ்சஸ் உங்களிடம் வந்து 45 மேட்சில் 5 கோல் போட்டார். அவருக்கு நீங்கள் கொடுத்த வாரச் சம்பளத்தில் அவினாசி ரோட்டில் இன்னொரு மேம்பாலம் கட்டலாம். முதலில் உங்கள் வீட்டு வாசலைப் பெருக்குங்கள்.

உக்கடம் கேலரி:
லண்டன், மேட்ரிட் என்று டிவியில் பார்த்ததற்கே இவ்வளவு சண்டை. நம்ம கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி கிளப்புக்கு பெட்ரோ மான்சி ஒரே சீசனில் 21 கோல் போட்டாரே, உங்களில் எத்தனை பேர் வந்தீர்கள்? 2019 மார்ச் 9, மினர்வா அணியை 3-1 அடித்து இந்தியாவின் ஐ-லீக் கோப்பை. நான் கேலரியில் நின்று தொண்டை கட்டி, அடுத்த மூன்று நாள் கடையில் சைகையிலேயே வியாபாரம் பார்த்தேன். மறு வருஷமே மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார். 2020-21 சீசனோடு கிளப் பெயரே ஐ-லீக்கில் இல்லை. வீழ்ச்சி பற்றிப் பேச வேண்டுமென்றால் இதைப் பேசுங்கள்.

அவினாசி ரோடு:
கிளப் பெயர் சென்னை சிட்டி. அதற்குக் கோயம்புத்தூரில் நின்று கத்தினீர்கள். அங்கேயே எனக்கு உதைத்தது.

உக்கடம் கேலரி:
மேட்ரிட் உங்கள் தாய்மாமன் ஊரா?

காங்கேயம் காளை:
எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சந்தைக்காரரைத் தப்பிக்க விடுகிறீர்கள். நான் விடுவதாக இல்லை. பந்து தண்ணீரில் நின்றதா, இல்லையா?

பொள்ளாச்சி சந்தை:
நின்றது. நின்ற பந்தைத் தண்ணீரா உதைத்தது? தடுப்பாட்டக்காரன் பக்கத்தில் இருக்கிறான், கோல்கீப்பர் ராபர்ட் கிரீன் எதிரே இருக்கிறார், கால் வழுக்குகிற தரை. ஒரு சுழற்று சுழன்று அடிக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வந்தது என்பதற்காக வெள்ளாமை வைத்தவன் பெயர் போய்விடுமா? பார்சிலோனாவில் 2012 ஏப்ரல் 24 அன்று சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பாதி மைதானத்துக்குத் தனியாக ஓடி அவர்கள் கோல்கீப்பர் வால்டெஸைத் தாண்டிப் போட்டாரே, அங்கே எந்த ஆழியாறு தண்ணீர் வந்தது?

காங்கேயம் காளை:
அந்த கோல் இல்லாவிட்டாலும் நீங்கள் இறுதிக்குப் போயிருப்பீர்கள். அதற்கு முன்னாலேயே ரமீரஸ் போட்ட கோலே போதும்; மொத்த கோல் சமமானால் வெளியூரில் அதிகம் போட்டவன் ஜெயிப்பான் என்ற அன்றைய கணக்கில் ஜெயித்திருந்தீர்கள். சமையல் முடிந்து இலை போட்ட பிறகு வந்து உப்புப் பார்த்தவர் உங்கள் டோரஸ். அடுத்த வருஷம் யூரோப்பா இறுதி ஆட்டத்தில் பென்ஃபிகாவுக்குப் போட்டதை வேண்டுமானால் நான் ஒத்துக்கொள்வேன். அன்றைக்கும் கடைசியில் காப்பாற்றியது இவானோவிச் தலைதான். ஆக மொத்தம் நீங்களே சொல்லிவிட்டீர்கள், நின்றது என்று. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறுத்தியது. தண்ணீர் நிறுத்தியிருக்காவிட்டால் அந்தப் பந்து கிரீன் கைக்குப் போயிருக்கும். அந்த சீசன் கணக்கு பூஜ்யம். பூஜ்யம்.

திருப்பூர் தையல்:
ஒரு நிமிஷம். இந்தப் பூஜ்யத்தின் மேல் காளைக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. நான், காளை, சந்தை மூன்று பேரும் ஒரே ஹாஸ்டல். 2011 மார்ச்சில் மெஸ் வாசலில் நின்றுகொண்டு, இந்த சீசனில் டோரஸ் ஒரு கோல் போட்டால் 20 பரோட்டாவும் ஒரு முழுக் கோழியும் வாங்கித் தருகிறேன் என்று சந்தைக்குக் கை அடித்துக் கொடுத்தவர் இவர். அந்த சனிக்கிழமை ராத்திரி 84ஆவது நிமிஷத்தில் கோல் விழுந்ததும் லைட்டை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடினார். காலையில் எழுந்து சொன்ன முதல் வார்த்தை, "அது தண்ணீர் போட்ட கோல்."

ஈரோடு மஞ்சள்:
இதற்காகவா இத்தனை வருஷமாக?

காங்கேயம் காளை:
பந்தயமும் இதுவும் வேறு வேறு. நான் பேசுவது கொள்கை. டோரஸ் போட்டால்தான் என்று சொன்னேன்; தண்ணீர் போட்டால் என்று சொல்லவில்லை. தையல், நீ எந்தப் பக்கம்? நீயும் அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்தான் என்று தலையாட்டினாய்.

திருப்பூர் தையல்:
உன் லேப்டாப்பில் பார்த்தேன் மச்சான். ஆட்டாவிட்டால் மூடி வைத்திருப்பாய்.

கோபி வாய்க்கால்:
1986இலிருந்து பார்க்கிறேன். கை அடித்துவிட்டு மழை மேல் பழி போட்டவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

காங்கேயம் காளை:
அண்ணா, நீங்கள் ரசத்தை மறக்க மாட்டீர்கள் போலிருக்கிறது. சரி, சந்தைக்காரரே, நேராகக் கேட்கிறேன். மைதானம் காய்ந்து கிடந்திருந்தால் அந்த கோல் விழுந்திருக்குமா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தை.

பொள்ளாச்சி சந்தை:
முதலில் 20 பரோட்டா. அன்றைக்கு விலை 6 ரூபாய், இன்றைய விலையில் வேண்டும். கோழி நாட்டுக்கோழி.

காங்கேயம் காளை:
கேள்விக்குப் பதில் இல்லை. இதையும் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உக்கடம் கேலரி:
பரோட்டா என்றால் உக்கடத்துக்கு வாருங்கள். மான்சி பற்றியும் பேசலாம்.