குவாண்டம் பிரேக் (ஸ்டீம்): அப்ஸ்கேலிங் போட்டா மங்கல், எடுத்தா எஃப்பிஎஸ் விழுது – வழி சொல்லுங்க

மின்மினி86:
வணக்கம் மக்களே. குவாண்டம் பிரேக் கேம்ல மூணு தொல்லை.

சிஸ்டம்: ஐ5 6500, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 1080பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். கேம் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. விண்டோஸ் 10. எல்லா செட்டிங்கும் அல்ட்ரா, விசிங்க் (ஃப்ரேமைத் திரையோட புதுப்பிப்புக்கு ஒத்துப்போக வைக்கிறது) ஆன்.

ஒண்ணு, அப்ஸ்கேலிங் (சின்னதா வரைஞ்ச படத்தைப் பெருசாக்குற வசதி) ஆன்ல இருந்தா படம் முழுக்க ஒரு மங்கல். கதாநாயகன் ஜாக்கை ஓட வச்சு கேமராவைத் திருப்பினா தோளுக்கும் தலைக்கும் பின்னாடி ஒரு இழுவை தெரியுது. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) 45லேருந்து 50 வரைக்கும்.

ரெண்டு, அப்ஸ்கேலிங்கை ஆஃப் பண்ணா படம் பளிச்சுன்னு ஆகுது, ஆனா எஃப்பிஎஸ் 30 பக்கம் விழுந்துடுது. கம்பி வேலி, படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் நடக்கும்போது மினுக்குது.

மூணு, ஆரம்பத்துல நல்லா ஓடுது. கொஞ்ச நேரம் போனதும் திக்கித் திக்கிப் போகுது. சுவர், போஸ்டர் எல்லாம் முதல்ல கஞ்சி மாதிரி தெரிஞ்சு அப்புறம்தான் தெளியுது.

டிரைவரை முழுசா நீக்கிட்டு மறுபடி போட்டாச்சு, ஸ்டீம்ல ஃபைல் சரிபார்ப்பும் பண்ணியாச்சு. நடுவுல வர்ற நடிகர்களோட எபிசோட் வீடியோ மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. கிராஃபிக்ஸ் கார்டு கோளாறா?

பிக்சல்பாண்டி:
கார்டு நல்லாத்தான் இருக்கு ப்ரோ. எபிசோட் தெளிவு, கேம் மட்டும் மங்கல்னு நீங்களே விடையைச் சொல்லிட்டீங்க. வீடியோ நேரா திரைக்கு வருது. கேம் காட்சி அப்ஸ்கேலிங் வழியா வருது.

அப்ஸ்கேலிங் ஆன்ல இருந்தா நீளம், அகலம் ரெண்டுலயும் மூணுல ரெண்டு பங்குதான் வரையப்படும். 1080பி கேட்டா உள்ளே 1280 x 720. அதுல 4எக்ஸ் எம்எஸ்ஏஏ (ஓரங்களை மென்மையாக்குற முறை) போட்டு, முந்தின நாலு ஃப்ரேமோட தகவலையும் சேர்த்து 1080பி படத்தைக் கட்டுது. 2016ல எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்பு வந்தப்போ கேமை உருவாக்கின ரெமடியே இதை வெளிப்படையாச் சொன்னாங்க. சினிமாத் தோற்றத்துக்காகத்தான் இந்த வழின்னும் சொன்னாங்க. பிசிக்கும் அதே முறை அப்படியே வந்துடுச்சு.

நின்ன இடத்துல நின்னு பாருங்க, படம் ஓரளவு கூர்மையா இருக்கும். நாலு ஃப்ரேமும் ஒத்துப்போறதால கிட்டத்தட்ட முழு விவரமும் கிடைச்சிடுது. கேமராவைத் திருப்பினா பழைய ஃப்ரேம்ல இருந்த ஜாக்கோட தோள் இப்போ வேற இடத்துல இருக்கு. அந்த மிச்சம்தான் இழுவை.

பலர் கவனிக்காத ஒண்ணு: எஃப்பிஎஸ் குறைய குறைய இந்த இழுவை கூடும். 60ல ஓடினா நாலு ஃப்ரேம் 67 மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சிடும். 30ல அது 133. அதாவது இரட்டிப்புப் பழைய தகவல் படத்துல கலக்குது. அதனால முதல்ல அப்ஸ்கேலிங்கைத் தொடாதீங்க. பாரமான எஃபெக்டைக் குறைச்சு 60ஐப் பிடிங்க, படம் தானா தெளியும்.

மாத்த வேண்டியது இவ்வளவுதான்:

வால்யூமெட்ரிக் லைட்டிங் – அல்ட்ராலேருந்து மீடியம். இந்த கேம்ல கார்டை அதிகம் தின்றது இதுதான். புகை, மூடுபனி நடுவே வர்ற ஒளிக்கற்றைகளோட ஓரம் கொஞ்சம் முரடாகும். ஓடுற ஓட்டத்துல தெரியாது.

குளோபல் இல்லுமினேஷன் (மறைமுக ஒளி) – மீடியம்.

ஷேடோ ரெசல்யூஷன், ஷேடோ ஃபில்டரிங் – ரெண்டும் மீடியம்.

ஃபிலிம் கிரெய்ன் – ஆஃப். இதனால எஃப்பிஎஸ் ஏறாது. ஏற்கெனவே மென்மையா இருக்கிற படத்து மேல மணல் தூவுற வேலை அது, அவ்வளவுதான்.

மத்ததை அப்படியே விடுங்க. டெக்ஸ்சரை (சுவர், போஸ்டர் மாதிரி பரப்பு மேல ஒட்டுற படம்) மட்டும் யாராச்சும் உங்க மூணாவது தொல்லையைப் பார்த்துட்டுச் சொல்வாங்க.

கடைசிதோட்டா:
இவ்வளவு எதுக்கு? அப்ஸ்கேலிங் ஆன்ல வச்சு, என்விடியா கன்ட்ரோல் பேனல்ல இமேஜ் ஷார்ப்பனிங்கை ஏத்திவிட்டா வேலை முடிஞ்சுது.

பிக்சல்பாண்டி:
@கடைசிதோட்டா கொஞ்சமா ஏத்தினா சரி. ஆனா ஷார்ப்பனிங்குக்கு எது தோள், எது இழுவைன்னு தெரியாது. ரெண்டோட ஓரத்தையும் சேர்த்தே கூராக்கும். ஃபிலிம் கிரெய்ன் ஆன்ல இருந்தா மணலும் பெருசாகும். இல்லாத விவரத்தை அது கொண்டு வராது.

ரேகைவேடன்:
பாண்டி சொன்னது அடிப்படை. அதுக்கு மேல ஒரு படி இருக்கு. அப்ஸ்கேலிங்கை ஆஃப் பண்றதைவிட, ஆன்ல வச்சே அதுக்கு அதிக பிக்சல் கொடுக்கிறதுதான் இந்த கேமுக்கு ஏத்த வழி.

கணக்கைப் பாருங்க. 720பி என்பது சுமார் 9.2 லட்சம் பிக்சல். முழு 1080பி 20.7 லட்சம், அதாவது 2.25 மடங்கு, ஆஃப் பண்ணதும் எஃப்பிஎஸ் சரியறது இதனாலதான். இப்போ கேமுக்கு 2560 x 1440 கொடுத்து அப்ஸ்கேலிங்கை ஆன்ல வச்சா உள்ளே 1707 x 960 வரையும், சுமார் 16.4 லட்சம் பிக்சல். ரெண்டுக்கும் இடைப்பட்ட சுமை. கடைசியில 1440பி படத்தை 1080பி மானிட்டருக்குச் சுருக்கும்போது கம்பி, வேலி மினுக்கலும் அடங்கும்.

1. என்விடியா கன்ட்ரோல் பேனல், மேனேஜ் 3டி செட்டிங்ஸ், குளோபல் தாவல். டிஎஸ்ஆர் (பெரிய ரெசல்யூஷன்ல வரைஞ்சு திரைக்குச் சுருக்குற வசதி) ஃபேக்டர்ஸில் 1.78எக்ஸ் மட்டும் டிக் பண்ணுங்க. அதோட ஏஐ வடிவமான டிஎல்டிஎஸ்ஆர் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும், 1060ல வராது.
2. டிஎஸ்ஆர் ஸ்மூத்னஸ் இயல்பா 33 சதவீதத்துல இருக்கும். 20க்கு இறக்குங்க. பூஜ்யத்துக்குப் போனா எழுத்து ஓரமெல்லாம் பல் பல்லாத் தெரியும்.
3. அப்ளை கொடுத்துட்டு கேமைத் திறந்து 2560 x 1440 தேர்ந்தெடுங்க. பட்டியல்ல அது இல்லைன்னா டெஸ்க்டாப் ரெசல்யூஷனையே முதல்ல 1440பி ஆக்கிட்டு கேமைத் திறங்க.
4. அப்ஸ்கேலிங் ஆன்.

உங்க கார்டுல இது எல்லா இடத்துலயும் 60 தராது, அதையும் சொல்லிடறேன். 45, 50ல அலைஞ்சா விசிங்கோட விடாதீங்க. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கும்; 48 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேம் 20.8 மில்லிசெகண்ட். சில ஃப்ரேம் ஒரு தடவை, சில ரெண்டு தடவை தெரியும். கண்ணுக்கு அது 30ஐவிட மோசம். ஒண்ணு 1080பி-லயே 60ஐப் பிடிங்க, இல்லேன்னா 1440பி-ல 30க்குப் பூட்டுங்க. ஆனா பாண்டி சொன்ன 133 மில்லிசெகண்ட் இழுவை அப்போ திரும்பி வரும். துப்பாக்கிச் சண்டை அதிகம் வர்ற கேம், நான் 60 பக்கம்தான்.

லேப்டாப்காரங்க கவனத்துக்கு: திரை ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் வழியா ஓடுற மாடல்னா டிஎஸ்ஆர் பட்டியலே வராது. ஏஎம்டி-ல இதே வேலைக்கு வர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன்.

அடுக்குநினைவகம்:
மூணாவது தொல்லைக்கு வர்றேன். அளக்காம எதையும் மாத்தாதீங்க.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ல (கார்டைக் கண்காணிக்கிற மென்பொருள்) மெமரி யூசேஜ், ரேம் யூசேஜ், ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகுற நேரம்) மூணையும் திரையில வரவைங்க. பக்கத்துல டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் சதவீதம். திக்க ஆரம்பிச்சதும் பாருங்க.

கிராஃபிக்ஸ் மெமரி 6000 எம்பியை முட்டி நின்னா டெக்ஸ்சர் காரணம். அந்த எண் கேம் கேட்டு வாங்கி வச்சிருக்கிற அளவு, எல்லாத்தையும் அந்த நொடியில பயன்படுத்துதுன்னு அர்த்தமில்லை. ஆனா முட்டி நின்னு, அதே நேரம் ஃப்ரேம்டைம் கோடு எகிறினா சந்தேகமே வேண்டாம்.

கிராஃபிக்ஸ் மெமரி காலியா இருந்து, ரேம் 7.5 ஜிபியைத் தாண்டி, டிஸ்க் 100லயே நின்னா ரேம் பத்தல. இந்த கேமுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி பரிந்துரை. மீதி பேஜ்ஃபைலுக்கு (ரேம் பத்தாதப்போ விண்டோஸ் டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) போகும். பேஜ்ஃபைலும் கேமும் ஒரே ஹார்ட் டிஸ்க்ல இருந்தா ரீடிங் ஹெட் ரெண்டு இடத்துக்கும் அலையும். அதான் கஞ்சி டெக்ஸ்சர்.

இன்னொண்ணு. காலம் உறையுற காட்சிகள்ல பொருள், கட்டடம் எல்லாம் முன்னும் பின்னும் உதறுறது கதைப்படி வர்றது. அங்க வச்சு சோதிக்காதீங்க. ஃப்ரேம்டைம் கோடு நேரா இருந்தா கேம் திக்கலை. முதல் அங்கத்துல ரிவர்போர்ட் பல்கலைக்கழக வளாகத்துல இரவு நேரம் நடந்து போற பகுதி அளக்க நல்லா இருக்கும்.

மின்மினி86:
பாண்டி அண்ணா சொன்ன செட்டிங் போட்டேன். 1080பி அப்ஸ்கேலிங் ஆன்ல வளாகத்துல 60லயே நிக்குது, பெரிய சண்டையில 54 வரை இறங்குது. இழுவை பாதிக்கு மேல போயிடுச்சு! 1440பி டிஎஸ்ஆர்ல படம் அருமை, ஆனா 41 – 46. எழுத்தும் குட்டியாயிடுது.

திக்கும்போது அளந்தது: கிராஃபிக்ஸ் மெமரி 4.9 ஜிபி, ரேம் 7.8 ஜிபி, டிஸ்க் 100.

அடுக்குநினைவகம்:
அப்போ ரேம்தான். கார்டுல இடம் இருக்குன்னு டெக்ஸ்சரை அல்ட்ராலயே விடாதீங்க. கார்டுக்குப் போற டெக்ஸ்சரும் டிஸ்க்லேருந்து ரேம் வழியாத்தான் போகுது. ஹைக்கு இறக்கிட்டு கேமை மூடித் திறங்க. பிரௌசரை மூடிட்டு ஆடுங்க. எஸ்எஸ்டி இருந்தா பேஜ்ஃபைலை அதுக்கு மாத்தி, அளவை விண்டோஸே பார்த்துக்கட்டும்னு விடுங்க. பேஜ்ஃபைலை மொத்தமா ஆஃப் பண்ணச் சொல்ற வழிகாட்டி எங்கயாவது கண்ணுல பட்டா தாண்டிப் போயிடுங்க; 8 ஜிபி-ல அப்படிப் பண்ணா கேம் நடுவுல மூடிக்கும். நிரந்தரத் தீர்வு இன்னொரு 8 ஜிபி குச்சிதான். இப்போ ஒரே குச்சி போட்டிருந்தா ரெண்டாவது வந்ததும் டூயல் சேனலும் (ரெண்டு குச்சியையும் ஒரே நேரத்துல பயன்படுத்துறது) கிடைக்கும்.

நீலத்திரை:
இடையில ஒரு கேள்வி. நான் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பதிப்பு வச்சிருக்கேன். 60 ஹெர்ட்ஸ்ல எஃப்பிஎஸ் 50க்கு மேல போகாதுன்னு ஒரு பழைய பதிவுல படிச்சேன். உண்மையா?

ரேகைவேடன்:
2016 ஏப்ரல்ல வெளியானப்போ உண்மை. திரையோட ரெஃப்ரெஷ் ரேட்ல ஆறுல அஞ்சு பங்குலயே நிக்கும்; 60னா 50. அப்ஸ்கேலிங்கை ஆஃப் பண்ற வசதியும் அப்போ இல்லை. பின்னாடி வந்த அப்டேட்ல வந்துச்சு, அதனால முழுசா அப்டேட் பண்ணிக்கோங்க. இப்போ கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஏபிஐ (கேம் கார்டோட பேசுற இடைமுகம்): ஸ்டோர் பதிப்பு டைரக்ட்எக்ஸ் 12, அதே வருஷம் செப்டம்பர்ல வந்த ஸ்டீம் பதிப்பு டைரக்ட்எக்ஸ் 11. அந்தக் கால என்விடியா கார்டுகளுக்கு ஸ்டீம் பதிப்புதான் சீரா ஓடும்.

மின்மினி86:
டெக்ஸ்சர் ஹை, பேஜ்ஃபைல் எஸ்எஸ்டி-ல. ரேம் 7.1ல நிக்குது, திக்கல் நின்னுடுச்சு. கடைசியா ஒண்ணு: பளபளப்பான தரையில தெரியுற விளக்கோட பிம்பம், ஜாக் குறுக்கே வந்தா அவரைச் சுத்தி அறுந்து போகுது. இதுவும் செட்டிங்கா?

பிக்சல்பாண்டி:
இல்ல, அது ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷனோட இயல்பு. திரையில ஏற்கெனவே வரைஞ்ச பிக்சலை வச்சுத்தான் அது பிம்பம் கட்டுது. ஜாக் விளக்கை மறைச்சா, மறைஞ்ச இடத்துல எடுக்க ஒண்ணுமில்லை. கேமராவைக் கீழே சாய்ச்சா தூரத்து விளக்கு திரையை விட்டு வெளியே போகும், பிம்பமும் போயிடும். அல்ட்ரா போட்டாலும் இதேதான்.

ஆஃப் பண்ணா அறுந்த ஓரம் போயிடும், ஆனா கதையில வர்ற மொனார்க் நிறுவனக் கட்டடத்துக் கண்ணாடி, பளிங்குத் தரை எல்லாம் உயிரில்லாம ஆகும். கேமோட பெரிய அளவு மறைமுக ஒளி முன்கூட்டியே கணக்கிட்டு வச்சது. நடமாடுற ஆளுக்குக் கீழே விழுற சின்ன நிழலையும் பிம்பத்தையும் ஸ்கிரீன் ஸ்பேஸ் எஃபெக்ட்தான் பார்த்துக்குது. ஆன்லயே வச்சிருங்க.