அரியத்தோட மினக்கெட்ட கதையள்: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

கிளிநொச்சித் தங்கச்சி:
ஏஎல் பௌதிகப் பிரக்டிக்கலில, அரியம் எண்ட முக்கோணக் கண்ணாடி ஒளியை எவ்வளவு திருப்புது எண்டு அளக்கிற திருசியமானியோட பாடுபட்ட ஆக்கள் வாங்கோ. நான் தொடங்கிறன்.

அதின்ர தொலைகாட்டியைத் தூரப் பொருளுக்குச் சரிபண்ண சேர் ஜன்னலைத் திறந்துவிட்டார். வயல்கரைப் பனை தலைகீழாத் தொங்குது, வட்டு கீழ, அடி மேல. ஓலை ஒவ்வொண்டாத் தெரியுமட்டும் திருகச் சொன்னார். பிறகு ஜன்னலுக்குத் தறப்பாள் கட்டி இருட்டாக்கி, இரவல் வாங்கின மேர்க்குரி விளக்கைப் பத்தவைச்சம். மஞ்சள், பச்சை, நீலம் எண்டு நூல் நூலாக் கோடுகள். அரிய மேசையை மெல்லத் திருப்ப, கோடு ஒரு பக்கமா ஊர்ந்து, ஓரிடத்தில நிண்டு, வந்த வழியே திரும்புது. நிண்ட இடம்தான் இழிவு விலகல், ஒளி ஆகக் குறையத் திரும்பிற நிலை.

மஞ்சளுக்கு 38 பாகை 41 கலை (60 கலை ஒரு பாகை). பச்சைக்கு 38 பாகை 19 கலை. நீலத்துக்குப் போக கரண்ட் போச்சு. மேர்க்குரி விளக்கு அணைஞ்சா சூடாறாமல் திரும்பப் பத்தாது, கரண்ட் வந்த பிறகும் காவல் இருந்தம். நீலம் 39 பாகை 31 கலை.

60 பாகை அரியம். கணக்குப் பாத்தா முறிவுச்சுட்டி, அதாவது கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்குது எண்ட இலக்கம், மஞ்சளுக்கு 1.517, நீலத்துக்கு 1.527. நடுவில வரவேண்டிய பச்சை 1.513! அலைநீளம் குறைய முறிவுச்சுட்டி கூடவெல்லோ வேணும்? பயத்தில ரெண்டுக்கும் நடுவா 1.522 எண்டு எழுதிக் குடுத்திட்டன். என்ன பிழை எண்டு இண்டைக்கும் தெரியாது.

விசுவமடு அண்ணை:
நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். 90களில எங்களுக்குக் கரண்டே இல்லை. ஸ்பிரிட் விளக்குத் திரியில உப்புத் தண்ணி தொட்டுத்தான் சோடியம் மஞ்சள் எடுத்தம், 589 நனோமீற்றர். ஒரே கோடு, ஒரே விடை. 'அரியத்தின் முறிவுச்சுட்டி' எண்டு கொப்பியில எழுதி அடிக்கோடும் போட்டாச்சு. ஒருநாள் விளையாட்டுக்கு ஜாம் போத்தல் விளக்கை ஒளி நுழையிற பிளவுக்கு முன்னால வைச்சன். சிவப்பிலயிருந்து ஊதா மட்டும் இழுத்துப் பூசின மாதிரி ஒரு பட்டை. தொலைகாட்டிக்குள்ள தெரியிற குறுக்குக் கம்பியை எங்க வைக்கிறது? எங்க வைச்சாலும் வேற விடை. அடிக்கோடு போட்ட இலக்கம் மஞ்சளுக்கு மட்டும் எண்டு அப்பதான் உறைச்சது.

வவுனியா வாத்தி:
பிள்ளை, உம்மட பச்சையில சரியா 30 கலை காணாமல் போயிருக்கு. பிரதான அளவிடை அரைப்பாகையாப் பிரிச்சது. கலையைக் காட்டுற சின்ன அளவிடையான வேணியரின்ர பூச்சியம் அரைப்பாகைக் கோட்டைத் தாண்டி நிண்டதைப் பாராமல் 19ஐ மட்டும் கூட்டியிருக்கிறீர். 38 பாகை 49 கலை எண்டு போட்டுப் பாரும், 1.519 வரும். மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையில 8 கலைதான் வித்தியாசம், அதுக்குள்ள அரைப்பாகையை விட்டா நிறமே இடம் மாறிப்போம்.

1.522 உம் பிழைதான். அலைநீளத்தின்ர வர்க்கத்தால ஒண்டைப் பிரிச்சு, அதுக்கு எதிரா முறிவுச்சுட்டியைக் குறிச்சா ஏறக்குறைய நேர்கோடு வரும், கோசியின்ர சமன்பாடு. பச்சை மஞ்சளுக்குக் கிட்டத்தான் விழும், நடுவில இல்லை. நான் திருத்தியிருந்தா அந்தப் புள்ளியைக் கண்ட உடன பிடிச்சிருப்பன். இன்னொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் இழிவு விலகலைப் புதுசாத் தேடினனீரோ? மஞ்சளுக்குப் பிடிச்ச நிலையிலயே மற்றதையும் வாசிக்கிற ஆக்கள்தான் கனபேர்.

அதுசரி, எதிரெதிரா இருக்கிற ரெண்டு வேணியரையும் வாசிச்சிருந்தா இது அங்கயே தெரிஞ்சிருக்குமே?

கிளிநொச்சித் தங்கச்சி:
நிறத்துக்கு நிறம் தேடினது உண்மை சேர். கொப்பி இப்பவும் பெட்டிக்குள்ள கிடக்கு, எடுத்துப் பாத்தன். ரெண்டாவது வேணியர் நிரல் முழுக்க, முதலாவதோட 180ஐக் கூட்டி எழுதியிருக்கிறன்.