4 வீல் டிரைவ் லெகோ டெக்னிக் கார்: சக்கரம் உருளுது, பிஸ்டன் அசையல. முழுசா பிரிக்காம சரி பண்ண முடியுமா?

பிரிக்பெட்டி:
டெக்னிக் வகைக் கார். நாலு சக்கரத்துக்கும் டிரைவ். முன்னால், நடுவில், பின்னால் என 3 டிஃபரன்ஷியல் (இரு பக்கத் தண்டுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் கூடு), வி8 இன்ஜின், 4 கியர். கையேட்டின் கடைசிப் படி வரை முடிந்துவிட்டது. தரையில் உருட்டினால் நாலு சக்கரமும் தாராளமாக ஓடுகிறது, பிஸ்டன் மட்டும் அசையவில்லை. எந்தக் கியரில் போட்டாலும் இதே நிலை.

இன்னும் மூன்று சிக்கல். கறுப்புப் பின் (பாகங்களை இணைக்கும் சின்ன முளை) ஒன்று குறைகிறது, வெளிர் சாம்பல் பின் ஒன்று மிச்சம் இருக்கிறது. முன் இடது சக்கரத்தை அமுக்கி விட்டால் சோம்பலாகத்தான் மேலே வருகிறது, வலது சக்கரம் சட்டென்று வருகிறது. பானெட்டில் இரண்டு 2×4 பிளேட் தப்பான இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டது, நகம் உள்ளே போகவில்லை.

எட்டுமில்லி:
பின் குறையலைங்க, இடம் மாறியிருக்கு. கறுப்புப் பின்னை விரலால் தடவிப் பாருங்க, உடம்பில் மெல்லிய வரம்பு தட்டுப்படும். அது இறுக்கிப் பிடிக்கிற வகை. வெளிர் சாம்பல் பின் வழவழன்னு இருக்கும், சுழல வேண்டிய மூட்டுக்கு அதுதான். ரெண்டும் ஒரே ஓட்டையில் சரியா உட்காரும் என்பதால் போடும்போது தப்பு தெரியாது. ஒரு சாம்பல் மிச்சம், ஒரு கறுப்பு குறைவு, இடது சஸ்பென்ஷன் மட்டும் சோம்பல். அந்தப் பக்கத்துக் கை மூட்டில் கறுப்பு இருக்கும், எடுத்து மாத்துங்க. நீலமும் வெளிர் பழுப்பும் அதே மாதிரி ஜோடிதான்: நீலம் பிடிக்கும், வெளிர் பழுப்பு சுழலும்.

கூடவே ஆக்சில் (கியரும் சக்கரமும் மாட்டுற தண்டு) நீளத்தையும் பாருங்க. ஓட்டைக்கு ஓட்டை 8 மி.மீ. அச்சிட்ட கையேட்டில் ஆக்சில் படம் நிஜ அளவில் இருக்கும், மேலேயே வைத்துப் பார்க்கலாம். போனில் பிடிஎஃப் பார்த்துக் கட்டினால் அது உதவாது. பீம், அதாவது ஓட்டை வரிசை உள்ள சட்டம், அது பக்கத்தில் ஆக்சிலை வைத்து ஓட்டையை எண்ணுங்க. நிறத்தை மட்டும் நம்பி எடுத்தா 4 ஓட்டை நீளத்துக்குப் பதில் 6 போயிடும்.

கிரவுன்பினியன்:
பிஸ்டன் விஷயம். முதலில் நியூட்ரலில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு 1ஆம் கியரில் போட்டுக் காரைத் தூக்குங்கள். முன் சக்கரம் இரண்டையும் ஒருவர் அசையாமல் பிடிக்க, பின் சக்கரம் இரண்டையும் சேர்த்து முன்னோக்கிச் சுற்றுங்கள். கிராங்க் (பிஸ்டனோடு சேர்ந்த இன்ஜின் தண்டு) எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து பின் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு முன் சக்கரங்களை முன்னோக்கிச் சுற்றுங்கள். இரண்டு தடவையும் கிராங்க் ஒரே திசையில் சுற்ற வேண்டும்.

பிரிக்பெட்டி:
செய்து பார்த்தேன். இரண்டு தடவையும் பிஸ்டன் ஆடுகிறது! ஆனால் கிராங்க் எதிரெதிர்த் திசையில் சுற்றுகிறது. இடது மூட்டில் கறுப்புப் பின்தான் இருந்தது, மாற்றியாயிற்று.

கிரவுன்பினியன்:
அப்படியானால் முன்னோ பின்னோ ஒரு டிஃபரன்ஷியல் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. கிரவுன், அதாவது 28 பல் உள்ள பெரிய வட்டம், பினியனுக்கு (அதோடு கோக்கும் சின்னக் கியர்) இடப்பக்கம் வர வேண்டியது வலப்பக்கம் வந்திருக்கும். உருட்டும்போது முன் தண்டு ஒரு திசையிலும் பின் தண்டு எதிர்த் திசையிலும் சுற்றும். நடு டிஃபரன்ஷியலின் கூடு இந்த இரண்டின் சராசரி வேகத்தில்தான் சுற்றும், சராசரி பூஜ்யம். உள்ளே இருக்கும் சின்னக் கியர்கள் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், இன்ஜினுக்கு ஒன்றும் போய்ச் சேராது. நடு டிஃபரன்ஷியல் இல்லாத காரில் இதே தப்பு நடந்தால் தரையில் வைத்ததும் கார் பூட்டிக்கொள்ளும், தூக்கினால் ஓடும்.

முன், பின் இரண்டில் எது தப்பு என்பதைப் படத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். காரைக் கவிழ்த்து, கிரவுன் எந்தப் பக்கம் என்று படியோடு ஒப்பிடுங்கள். (இரண்டையுமே திருப்பிப் போட்டிருந்தால் இன்ஜின் தலைகீழாகச் சுற்றும், யாருக்கும் தெரியாது.) தப்பான பக்கத்துச் சக்கரத்தையும் அரை ஆக்சில்களையும் வெளியே இழுத்து, டிஃபரன்ஷியலைப் பக்கவாட்டில் திருப்பி உட்கார வையுங்கள். மீண்டும் ஆக்சில் செருகும்போது உள்ளே இருக்கும் 12 பல் கியரில் முழுதாகக் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி கோத்தால் உருட்டும்போது கழன்றுவிடும்.

பிரிக்பெட்டி:
பின்பக்கம்தான் தப்பு. திருப்பியதும் பிஸ்டன் ஓடுகிறது, நன்றி அண்ணா! 1, 2, 4 நன்றாக இருக்கிறது. 3ஆம் கியரில் மட்டும் டக் டக் என்று சத்தம், பிஸ்டன் விட்டு விட்டு ஓடுகிறது.

அரைபுஷ்:
ஒரே கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியர் ஆக்சிலில் நகர்கிறது. கியர் மாற்றும் வளையத்தின் பல் கியரின் உள்பல்லில் நுனியில் மட்டும் பிடிக்கிறது, பாரம் வந்ததும் வழுக்குகிறது. கியரை ஆக்சிலில் நகராமல் நிறுத்தும் வளையம்தான் புஷ்: முழு புஷ் 8 மி.மீ., அரை புஷ் 4 மி.மீ. 3ஆம் கியருக்குப் பின்னால் முழு புஷ் வேண்டிய இடத்தில் அரை புஷ் போட்டிருப்பீர்கள், அல்லது புஷ்ஷே விட்டுப்போயிருக்கும்.

அதற்காக எல்லா புஷ்ஷையும் அழுத்தித் தள்ளிவிடாதீர்கள். பீமை உரசி நின்றால் மொத்த கியர்பாக்ஸும் கனத்துவிடும். புஷ்ஷுக்கும் பீமுக்கும் நடுவில் ஏ4 தாள் ஒன்றை வைத்துத் தள்ளி, பிறகு தாளை உருவுங்கள். அந்த இடைவெளி போதும்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது "ஒரு கியரில் பூட்டு, அடுத்ததில் நியூட்ரல், மறுபடி பூட்டு" என்று வந்தால் அது வேறு கோளாறு. கியர் மாற்றும் உருளைகள் இரண்டும் ஒரே கோணத்தில் இருக்கும், ஒன்றை 90 டிகிரி தள்ளிப் போட வேண்டும்.

எட்டுமில்லி:
பிளேட்டுக்குப் பதில் சொல்ல விட்டுப்போச்சு. பிரிப்பான் (பிரிக் கழற்றுற கருவி) ரெண்டு வேணும். ஒண்ணை மேல் பிளேட்டின் குமிழில் மாட்டுங்க, இன்னொண்ணை கீழ் பிளேட்டின் அடியில். கைப்பிடி ரெண்டையும் கத்திரிக்கோல் மாதிரி சேர்த்து அமுக்கினா விட்டுடும். ஒண்ணுதான் இருக்குன்னா, மேல் பிளேட்டில் பெரிய பிரிக் ஒண்ணையும் கீழே இன்னொண்ணையும் மாட்டி, ரெண்டையும் ஆட்டிப் பிரிங்க. பல்லும் கத்தியும் வேண்டாம், விளிம்பில் விழுந்த வடு போகாது. மாட்டிக்கிட்ட பின்னுக்குப் பிரிப்பானில் ஆக்சில் வடிவ முனை இருக்கு, அதால் குத்தித் தள்ளுங்க.

பிரிக்பெட்டி:
3ஆம் கியருக்குப் பின்னால் அரை புஷ்தான் இருந்தது. மாற்றியதும் சத்தம் நின்றது. பிளேட் பிரிந்துவிட்டது, பானெட்டை இப்போது மாட்டுகிறேன்.